நாவலரும் வாக்கியத்தின் முடிபும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேலைக் கரையிலே, தென்னந்தோப்புகள் மணலோடு முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது தலவில. புனித அன்னம்மாள் திருத்தலத்தினால் அவ்வூரின் பெயரை இலங்கை முழுவதும் அறியும். மார்ச்சு மாதத்தில் ஒருமுறை, ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு இரு பெருவிழாக்கள் அங்கே நிகழ்கின்றன. அந்நாள்களில் தெற்கேயிருந்து வரும் சிங்களக் குடும்பங்களும், மன்னார், சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்பார்கள். வழிபாடும் இரு மொழிகளிலும் நடைபெறும்.

அவ்வூரில் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்கு நான் தமிழிலக்கணம் சொல்லி வருகிறேன். பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் பிள்ளைகள் அவர்கள். ஒருநாள் பயிற்சி வினாத்தாள் ஒன்றில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியைச் செய்துகொண்டிருந்தோம். ‘படகுகள் கரையிலே’ என்று தொடங்கும் வாக்கியத்துக்குக் ‘கிடந்தது’, ‘கிடந்தன’, ‘கிடந்தான்’, ‘கிடந்தனர்’ என நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. மீன்பிடிக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் முதல் விடையின்கீழ்க் கோடிட்டான். பிழை என்றேன். அவன் அஞ்சவில்லை. வீட்டிலே எல்லாரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள் என்றான். அம்மா பேசும் சிங்களத்தில் நான் வந்தாலும் நீ வந்தாலும் அவர்கள் வந்தாலும் வினைச்சொல் ஒன்றாகவே இருக்கிறதே, தமிழ் வினைக்கு மட்டும் இத்தனை வால்கள் எதற்கு என்றும் கேட்டான்.

உடனே விடைசொல்ல என்னால் இயலவில்லை. அவன் கேட்டது வீண் கேள்வியன்று. பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று இடத்துக்கும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. எழுத்துச் சிங்களத்தில்தான் அம்மாற்றம் உண்டு. நீர்கொழும்பு மீனவரின் தமிழை ஆராய்ந்த மொழியியலாளர், சிங்களத்தோடு நெடுநாள் பழகியதனால் அத்தமிழின் வினைகள் இடமும் பாலும் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டமையை எடுத்துக்காட்டியிருக்கின்றனர். தமிழோடு உடன்பிறந்த மலையாளமும் அவ்விகுதிகளை என்றோ உதறிவிட்டது. நம்மவர் மட்டும் என்ன? யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வீட்டுப் பேச்சிலே அஃறிணைப் பன்மை வினை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மாடுகள் வந்தன என்று அடுக்களையில் நின்று சொல்பவர் எவரையும் நான் கண்டதில்லை. பிள்ளை செய்த பிழை, தமிழர் அனைவரும் நாள்தோறும் செய்யும் பிழைதான். அவன் அதனைத் தாளில் எழுதினான், அவ்வளவே.

அன்றிரவு ஆறுமுக நாவலருடைய இலக்கணச் சுருக்கத்தை எடுத்து மீண்டும் படித்தேன். எழுவாயும் பயனிலையும் ஒன்றோடொன்று இயையவேண்டும் என்னும் விதி தொல்காப்பியத்திலேயே உண்டு, நாவலர் கண்டுபிடித்ததன்று. ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாத ஒரு பிள்ளை, வாக்கியத்தைத் தன் கண்ணால் பார்த்து, வினாவுக்குத் தன் வாயால் விடைசொல்லி, அவ்விதியைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும்படி ஒழுங்குசெய்து கொடுத்தவர்களுள் அவருக்கு ஒப்பானவரை நான் அறியேன். அது அவருக்கு எவ்வாறு கைவந்தது என்பதை அவருடைய வாழ்க்கையில் வைத்துக் காணவேண்டும்.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள், கந்தருக்கும் சிவகாமியம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் ஆறுமுகம். நாவலர் என்பது பின்னாளில் வந்த பட்டம். இளமையிலே சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் கற்றார். அக்காலத்துக் கல்வி பெரும்பாலும் காதின் வழியும் நாவின் வழியும் சென்றது. நிகண்டும் நன்னூலும் முதலில் நெஞ்சில் ஏறும். பொருள் பின்னர், பல ஆண்டு கழித்து, ஆசிரியர் மனங்கொண்டபோது விளங்கும். அம்முறையை இகழ்வார் பலர். நான் இகழேன், மனத்தில் ஏறிய சூத்திரம் முதுமையிலும் துணைநிற்கும். ஆயினும் அது சிலருக்கே பயன்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

ஆங்கிலம் கற்பதற்காக ஆறுமுகம் யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிசனாரிமார் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்தவர் பேர்சிவல் பாதிரியார். மாணவராய்ச் சேர்ந்தவர், இருபது வயது நிரம்புமுன்பே, 1841ஆம் ஆண்டளவில், அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியபோது அப்பணிக்கு உற்ற துணையாக அவரையே தெரிந்தெடுத்தார். சைவராகிய அவர் தம் நெற்றியில் திருநீறு தரித்தபடியே அவ்வேலையைச் செய்தார் என்பர். மொழிபெயர்ப்பை அச்சிடுவதற்காக இருவரும் சென்னைக்குச் சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு, தமிழ்நடையில் குறைகாணாது மெச்சினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்த மொழிபெயர்ப்பு ஆண்டுகளை நாவலரின் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலரும் விரைந்து கடந்துவிடுவர். சிலருக்கு அது கூச்சந்தரும் பகுதி. சிலருக்கு வாதத்துக்கு உதவும் பகுதி. இலக்கண ஆசிரியனாகிய எனக்கு அவ்வாண்டுகளே அவர் வாழ்க்கையின் திறவுகோல். ஆங்கிலத்தில் அவன், அவள், அது என்னும் மூன்றுக்கும் வினை வடிவம் ஒன்றே. எவர் செய்தார், எதைச் செய்தார் என்பதைச் சொற்கள் நிற்கும் வரிசையே காட்டும். தமிழில் மொழிபெயர்ப்பவனோ ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயின் திணையையும் பாலையும் எண்ணையும் துணிந்தாலன்றி வினையை முடிக்க இயலாது. அவன் பேனை வினைமுற்றில் வந்து நிற்கும். அங்கே அவன் முன்னே திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். அடைமொழியோ அதனினும் தொல்லை. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னே நீண்டு தொங்கும் அடைத்தொடர் முழுவதும் தமிழில் பெயருக்கு முன்னே வந்து அடங்கவேண்டும். அப்படி இரண்டு மூன்று அடைகள் ஒரே வாக்கியத்தில் வந்து நெருங்கினால் எது எதனைத் தழுவும் என்பது மயங்கிப்போம். இம்மயக்கத்தை நாள்தோறும் ஏழெட்டு ஆண்டுகள் தீர்த்துப் பழகிய கை, பின்பு எழுதிய உரைநடையில் தடுமாறாமையில் வியப்பில்லை.

இன்று சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் விவிலியத்தில் தேவன் என்னும் ஆண்பால் ஒருமைப் பெயர், ‘ஆர்’ என்னும் பலர்பால் விகுதி பெற்ற வினையைக் கொண்டு முடிவதை எவரும் காணலாம். கணக்காகப் பார்த்தால் அது வழு. ஆயினும் உயர்வுபற்றி ஒருமையைப் பன்மையாற் சொல்லுவது வழுவமைதி என்று நம் இலக்கணம் இடங்கொடுக்கும். தந்தை வந்தார், ஆசிரியர் சொன்னார் என்று நாம் பேசுவதற்கும் அவ்விதியே காவல். பிள்ளைகளிடம் இதனைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்கிறது. இலக்கணம் அடிக்கும் பிரம்பு மட்டுமன்று, மரியாதைக்கு வழிவிடும் கதவும் ஆகும் என்பது அவர்களுக்குப் புதுச்செய்தி.

பேர்சிவலோடு இருந்த காலத்திலேயே அவர் உள்ளம் சைவத்தைக் காப்பதிற் சென்றது. 1847ஆம் ஆண்டின் இறுதிநாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கஞ் செய்தார். பின்பு வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. 1848இல் மிசன் பாடசாலை வேலையை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை வந்துவிட்டது, பிள்ளைகள் கையில் கொடுப்பதற்குப் புத்தகம் இல்லை. மிசனாரிமாரிடம் அச்சியந்திரம் இருந்தது. பாடசாலையும் சமயமும் நூலும் அவர்களிடத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அவர்களிடம் கற்ற பாடத்தை அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தத் துணிந்தார் நாவலர். 1849இல் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தமிழ்நாட்டுக்குச் சென்றவர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் தம் சொல்வன்மையைக் காட்டி நாவலர் என்னும் பட்டம் பெற்று மீண்டார். வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. பாலபாடங்கள் வந்தன. 1851இல் நன்னூல் விருத்தியுரை, 1852இல் பெரியபுராண வசனம் என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன.

அவர் அச்சிட்ட உரைநடையை அதற்கு முந்திய ஏட்டுநடையோடு ஒருங்கு வைத்துப் பார்த்தால், கண்ணுக்கு முதலில் தோன்றுவன இடைவெளிகளே. சந்தியாற் பின்னிக் கிடந்த சொற்களைப் பொருள் விளங்கும்படி பிரித்தார். காற்புள்ளியும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டார். இவை அழகுக்காக இட்டவை அல்ல. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, இடையிலுள்ள அடை எதுவரை செல்லும் என்பதைப் படிப்பவன் கண்டுகொள்வதற்கு நட்ட எல்லைக்கற்கள் அவை.

இனி அவருடைய இலக்கண நூல்களுக்கு வருவோம். வினாவும் விடையுமாக இலக்கணம் எழுதும் முறை அவருக்கு முன்னரே இருந்தது. சென்னைக் கல்விச் சங்கத்துத் தாண்டவராய முதலியார் அவ்வாறு ஒரு நூல் செய்திருந்தார். ஐரோப்பியரான போப்பையரும் செய்தார். மிசனாரிமாரின் ஞானோபதேச வினாவிடைகளோ ஊரெங்கும் பரவியிருந்தன. நாவலர் இலக்கண வினாவிடை என ஒரு சிறு நூலும், அதனினும் விரிவாக இலக்கணச் சுருக்கமும் எழுதினார். பின்னதில் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்னும் நன்னூற் பிரிவுகளோடு தொடர்மொழியதிகாரம் என மூன்றாவது ஒன்றையும் வைத்தார். தொடர்மொழியாவது வாக்கியம். நன்னூல் சொல்லதிகாரத்துள் ஆங்காங்கே சிதறிக்கிடந்த வாக்கியச் செய்திகளைத் திரட்டித் தனி அதிகாரமாக்கிப் பிள்ளைகள்முன் வைத்ததைச் சிறிய செயலாக நான் கருதவில்லை. பகுதிகளின் முடிவிலே தேர்வுக்குரிய வினாக்களையும் சேர்த்தார்.

அவ்வினாக்களுக்கு எதிரே நான்கு விடைகள் இல்லை. இஃது இன்னதென்று சொல், இதற்கு உதாரணங் காட்டு, இஃது எவ்வாறு முடியும் என்ற போக்கில் அவை செல்கின்றன. பிள்ளை வாயைத் திறந்து முழு வாக்கியமாக விடைசொல்லியே ஆகவேண்டும். விடை சொல்லும்போதே எழுவாயையும் பயனிலையையும் இயைத்தும் ஆகவேண்டும். இலக்கணத்தைச் சொல்லுவதே இலக்கணப் பயிற்சியாக அமைந்துவிடுகிறது. நான்கில் ஒன்றின்கீழ்க் கோடிடும் இக்கால வழக்கத்தில் இந்நன்மை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கோடிட்டாலும் நான்குமுறைக்கு ஒருமுறை சரியாகிவிடும்! ஆயிரக்கணக்கான தாள்களைத் திருத்தவேண்டிய நிலையில் வேறு வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். குறைகூறுவது எளிது.

பரீட்சையும் அக்காலத்திலேயே ஓங்கி வளரத் தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தாரே. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின், பாடசாலை பெறும் அரசு நன்கொடை பிள்ளைகளின் பரீட்சைப் பேற்றைப் பொறுத்ததாயிற்று. ஒரு பிள்ளை வாக்கியத்தைச் சரியாக முடித்ததா என்பது பாடசாலையின் வரவுசெலவையும் தொட்டது. நன்கொடையின்றி நெடுங்காலம் பாடசாலை நடத்திய நாவலருக்கு அதன் அருமை தெரியாமற் போயிராது.

வாக்கிய முடிபுபற்றி அவர் மரபு நமக்குக் கொடுத்தவற்றை இங்கே சிறிது நின்று பார்ப்பது நன்று. நான் வகுப்பிலே நாள்தோறும் காணும் பிழைகளைக் கொண்டே சொல்லுகிறேன்.

பிள்ளைகளும் பெரியோரும் பத்திரிகைகளும் ஒருங்கே செய்யும் பிழை ‘அல்ல’ என்பதிலே. அது பலவின்பாற் சொல். அவை நல்லன அல்ல என்பதே சரி. ஒன்றானால் அன்று, ஆணானால் அல்லன், பெண்ணானால் அல்லள், பலரானால் அல்லர். நான் அல்லேன், நீ அல்லை, நீங்கள் அல்லீர். இத்தனையையும் விழுங்கிவிட்டு ‘அல்ல’ ஒன்றே இன்று அரசோச்சுகிறது. இதற்கு மாறாக இல்லை, உண்டு, வேறு என்பவற்றை எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொதுவாக வழங்கலாம். விதி எங்கே இறுக்குகிறது, எங்கே நெகிழ்கிறது என்று அறிவதிலேதான் சுவை இருக்கிறது.

எழுவாய்கள் கலந்துவந்தால் என்ன செய்வது? நீயும் அவனும் சேர்ந்தால் வினை முன்னிலைப் பன்மையாகும்: போனீர்கள். அவர்களோடு நானும் சேர்ந்தால் தன்மைப் பன்மை: போனோம். முன்னிலைக்காரன் படர்க்கைக்காரனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறான்; தன்மைக்காரன் இருவரையுமே இழுத்துக்கொள்கிறான். ஒரு வலைஞனும் அவன் நாயும் கரையேறினால் சிறப்புப்பற்றி உயர்திணை முடிபு கொடுத்துக் கரையேறினர் என்னலாம். இழித்துச் சொல்லும் கருத்தானால் இருவரையும் அஃறிணையில் முடிப்பதும் உண்டு. சொல்பவன் மனநிலையை வினையின் விகுதி வெளியிட்டுவிடுகிறது.

எச்சங்களில் நிகழும் பிழை இன்னும் நுட்பமானது. பரீட்சைத் தாள்களில் அது அதிகம் கேட்கப்படுவதும் இல்லை. படகு கரைசேர்ந்து மீனவர் வலையை உணக்கினர் என்று ஒரு மாணவி எழுதினாள். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலுக்குரிய வினையையே கொண்டு முடியவேண்டும் என்பது பொதுவிதி. கரைசேர்ந்தது படகு, உணக்கினவர் மீனவர். படகே வலையை உணக்கியதுபோன்ற மயக்கம் அங்கே எழுகிறது. படகு கரைசேர மீனவர் வலையை உணக்கினர் என்று ‘செய’ என்னும் வாய்பாட்டுக்கு மாற்றினால் குற்றம் நீங்கிற்று. ஓரெழுத்து வேறுபாடு! இதற்குப் புறனடையும் உண்டு; உறுப்பின் வினை உறுப்புடையவன் வினையோடு முடியும். இவ்விதிகளைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற் காணலாம். அதற்குச் சேனாவரையர் இயற்றிய உரை, நாவலர் பரிசோதிக்க 1868ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. தாமோதரம்பிள்ளையின் பெயரும் அப்பதிப்போடு சேர்த்துப் பேசப்படும். ஏட்டில் உறங்கிய அவ்வுரையை நாம் இன்று விரல்நுனியிற் புரட்டுகிறோம் என்றால், அது கண் தேய ஏடு ஒப்புநோக்கியவர் இட்ட பிச்சை.

அடைமொழியைப்பற்றிச் சொல்லவேண்டும். அடை இரு வகை. செந்தாமரை என்றால் வெண்டாமரையினின்று பிரித்துக்காட்டும். அஃது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் கரிய ஞாயிறு ஒன்று இல்லாமையால் பிரிப்பதற்கு எதுவும் இல்லை. அஃது இனமில்லா அடை. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்த பிள்ளை, ஒரு பெயரடை பொருளைக் குறுக்குகிறதா, அழகு மட்டும் செய்கிறதா என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே படிக்கும். அடை நிற்கும் இடம் வேறொரு சிக்கல். பழைய மீனவர் சங்கக் கட்டடம் என்றால் பழையது கட்டடமா, சங்கமா, மீனவரா? நாவலர் தம் நூலின் இறுதிப் பகுதியில், வாக்கியத்தின் பொருள் விளங்குவதற்குரிய காரணங்களாக அவாய்நிலை, தகுதி, அண்மை, கருத்துணர்ச்சி என்னும் நான்கினைத் தருகிறார். இவை வடமொழித் தருக்க நூலாரிடமிருந்து வந்தவை. ஒரு சொல் மற்றொரு சொல்லை வேண்டி நிற்பது அவாய்நிலை. அவ்விரண்டும் பொருளாற் பொருந்துவது தகுதி. இடையீடின்றி அருகே நிற்பது அண்மை. சொல்வோன் கருத்து இன்னதென உணர்தல் கருத்துணர்ச்சி. இக்காலப் பரீட்சைகளில், ஆங்கிலத்தில் ஆயினும் தமிழில் ஆயினும், அடை இடம்மாறி நிற்கும் வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் வினாக்கள் யாவும் அண்மை என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். கட்டடத்தின் அருகே ‘பழைய’ என்பதைக் கொண்டுசென்று வைத்தால் வழக்குத் தீர்ந்தது.

இவ்வளவு போற்றிய நான் ஒன்றை மறைத்தல் கூடாது. நாவலர் சாதி ஒழுங்கை வற்புறுத்தியவர். அவருடைய சைவ நூல்களைப் படித்தோர் இதனை அறிவர். நான் கற்பிக்கும் இக்கரையோரப் பிள்ளைகளுட் பலருடைய பாட்டன்மாருக்கு அவர் பாடசாலைக் கதவு எளிதில் திறந்திராது. அவர்கள் வழிபடும் சமயத்தின்மேல் அவர் தொடுத்த கண்டனங்களும் கடுமையானவை. தமிழ்நாட்டில் இராமலிங்க சுவாமிகளோடு அவருக்கு மூண்ட அருட்பா வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. எதிரி எழுதியதில் குற்றங் காண்பதில் அவர் கண் அயர்ந்ததே இல்லை. அந்தக் கண் எப்போதும் நீதியையே கண்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுவாய்க்கு ஏற்ற பயனிலை கேட்கும் விதி, எழுதுகின்றவன் எந்தக் குடியிற் பிறந்தான், எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று கேட்பதில்லை. அவர் யாருக்காக எழுதினாரோ, அவர்களுக்கு அப்பாலும் அவர் நூல் சென்றுவிட்டது. அன்னம்மாள் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் அமர்ந்து கத்தோலிக்கப் பிள்ளைகள் அவருடைய இலக்கணத்தைப் படிக்கிறார்கள். அவர் இதனை விரும்பியிருப்பாரோ, வெறுத்திருப்பாரோ? இவ்வினாவை நான் பலமுறை எனக்குள் கேட்டதுண்டு.

பிற்கால வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லி முடிக்கலாம். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். திருக்குறள் பரிமேலழகருரை முதலிய பல நூல்களைப் பரிசோதித்து அச்சிட்டார். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் நியமிக்கப்படுவதற்குத் தம் செல்வாக்கை அளித்தார். மணஞ்செய்து கொள்ளாமலே வாழ்ந்தவர், அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள், ஐம்பத்தேழாவது வயது நிறைவதற்குச் சில நாள்கள் முன்னர் மறைந்தார். 1971இல் இலங்கை அரசு அவர் உருவம் பொறித்த தபால்முத்திரை ஒன்றை வெளியிட்டது.

மறுநாள் அச்சிறுவனுக்கு நான் சொன்ன விடை இது. வினையின் வால் வீணாகத் தொங்கவில்லை. அது வாக்கியத்தின் முன்னே நிற்கும் பெயரைக் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனாலேதான் தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும், வந்தேன் என்ற ஒரு சொல்லிலே ஆள் இன்னாரென்று தெரிந்துவிடுகிறது. இருட்டிலே கரையில் நின்று ஒருவர் வந்தோம் என்று குரல் கொடுத்தால், வந்தவர் தனியாக இல்லை என்பது வீட்டிலிருப்பவர்க்கு விளங்கும். அவன் கேட்டுக்கொண்டான். ஒப்புக்கொண்டானா என்பது வேறு.

ஆகஸ்டு விழாவின்போது அவனைக் கடைத்தெருவிற் கண்டேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு கடைப் பலகையைக் காட்டினான். மெழுகுதிரிகள் இங்கே கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. மெழுகுதிரிகள் பன்மை ஆயிற்றே, ‘கிடைக்கும்’ என்பதற்கு வால் எங்கே என்று கேட்டான். அவன் முகத்தில் வெற்றி தெரிந்தது. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று என்று அதற்குப் பெயர் சொன்னேன். ஒன்றன்பாலுக்கும் பலவின்பாலுக்கும் அது பொது. பழைய நூல்களிலே ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும்கூட வரும். பலர்பாலுக்கும் முன்னிலைக்கும் தன்மைக்கும் மட்டும் வாராது என்றேன். அவன் பலகையைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தான். அது வரும், அவை வரும், அவன் வரும், அவள் வரும். பின்பு, நாங்கள் வரும் என்று தொடங்கியவன், நாவைக் கடித்துக்கொண்டு, வருவோம் என்றான்.